மார்ட்டின் வீட்டு வண்டியின் தாகம்

ஆகஸ்ட் 18, ஞாயிறு. நேற்றைய குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது. மார்ட்டின் வீட்டு வண்டி தவக்காலத்தில் மாதா கோயில் கிணற்றைக் குடித்துவிட்டது என்று எழுதியிருந்தேன். குடித்தது கிணற்றை அல்ல, அதை ஒட்டியிருந்த சிமெண்டுத் தொட்டியைத்தான். கிணற்றில் அது வாய் வைக்கவே இல்லை. இன்று பூசை முடிந்ததும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மாலை எழுத்து வகுப்பில் எல்லோர் முன்னாலும் இதை வாசிக்க வேண்டியிருக்கிறது. தொட்டியைக் கிணறு என்று சொல்லிவிட்டால் மற்றதையும் நம்பமாட்டார்கள். ஆகவே முதலிலிருந்து திருத்தி எழுதுகிறேன்.

மார்ட்டின் கழுவெளி ஏரிப் பக்கம் குத்தகைக்கு உப்பளம் வைத்திருப்பவர். அவருடையது பெரிய குடும்பம்: அண்ணன் தம்பிகள், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், மனைவி ஞானமேரியின் பிறந்த வீட்டார் என்று மரக்காணத்தில் ஒரு தெருவுக்குப் போதுமான ஆட்கள். ஆனால் இருந்தவை ஒரு மோட்டார் பைக்கும் ஒரு மொபெட்டும். அதனால் எந்த விசேஷத்துக்கும் அந்தக் குடும்பம் தவணை முறையில்தான் போய்ச் சேரும். முதல் தவணை மண்டபத்தில் சந்தனம் எடுத்துக்கொள்ளும்போது கடைசித் தவணை வீட்டு வாசலில் நின்று பூ வைத்துக்கொண்டிருக்கும். ஞானமேரியின் கல்யாணத்தன்று அவருடைய அப்பா அந்தோணிதாஸ் ஏறி வந்த வாடகை வேன் பிரம்மதேசம் தாண்டிப் படுத்துவிட்டது. அவர் வந்து இறங்கியபோது தாலி கட்டி முடிந்து, பந்தியும் முடிந்து, பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், தரையில் கால் வைத்த உடனே அந்தோணிதாஸ் கேட்பது ஒரே கேள்விதான்: "பந்தி ஆரம்பிச்சிடுச்சா?" மார்ட்டினின் மகள் ஜான்சிக்கு அனுமந்தை மாப்பிள்ளை ஜெனிஷைப் பேசி முடித்ததும் ஞானமேரி கணவரிடம் தீர்மானமாகச் சொன்னார், "இந்தக் கல்யாணத்துக்கு எங்க அப்பாவுல இருந்து கைக்குழந்தை வரைக்கும் எல்லாரும் கோயில் வாசல்ல ஒண்ணா இறங்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும்." மார்ட்டின் போய் மூன்று வரிசை இருக்கை போட்ட, ஆளுயரத்துக்கு நிற்கும், டீசலை மோர் மாதிரி குடிக்கும் ஒரு வெள்ளை வண்டியை வாங்கி வந்தார்.

அளத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி எடுத்தால், அந்த வருஷம் முதல் முதலாக வாரிய உப்பில் ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து இருக்கைக்கு அடியில் வைப்பார்கள். சைக்கிளுக்கும் அதே கைப்பிடிதான், லாரிக்கும் அதே கைப்பிடிதான். மார்ட்டின் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அளவு தப்பிவிட்டார். முதல் உப்பில் ஒரு முழு மூட்டையைத் தூக்கிப் பின்பக்கம் போட்டார்.

"கைப்பிடி மொபெட்டுக்குப் போதும். இவ்ளோ பெரிய வண்டிக்கு எப்படி போதும்?"

"இன்னாங்க, உப்பு தின்னவன் தண்ணி குடிப்பான்னு சொல்லுவாங்க," என்றார் ஞானமேரி.

"வண்டி என்னா வாயை வச்சிட்டா இருக்குது?"

காலையில் பார்த்தபோது சாக்கு மடித்த வேட்டி போலத் தட்டையாகக் கிடந்தது. வாய்த் தையல் பிரியவில்லை. உள்ளே ஒரு கல் உப்புகூட இல்லை.

அன்று பகலிலேயே தாகம் ஆரம்பித்தது. டீசல் மூடியைத் திறந்து வைத்தால் போதும், பக்கத்தில் எங்கே நல்ல தண்ணீர் இருந்தாலும் அது நூல் போல எழுந்து, காற்றில் வளைந்து, உள்ளே போய்விடும். சத்தம் இருக்காது. கடைசியில் மட்டும் ஒரு ஏப்பம் கேட்கும். அளத்துத் தண்ணீரை ஒரு குடம் ஊற்றிப் பார்த்தார் மார்ட்டின். அவர் சட்டை மேலேயே துப்பிவிட்டது. டீசலும் நல்ல தண்ணீரும் மட்டுமே அதற்கு இறங்கின. ஈசிஆர் பங்க்கில் மீட்டர் ஓடி ஓடிக் களைத்து நிற்கும்வரை குடித்தது. குடித்த நாளெல்லாம் ஒரு சாண் வளர்ந்தது. முன்வாசல் தூணை இடிக்க வேண்டியதாயிற்று. ஒரு வாரத்தில் உள்ளே நான்காவது வரிசை முளைத்தது. அந்த இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது.

ஊர் முதலில் பெருமைப்பட்டது. டீக்கடையில் அதை யாரும் மார்ட்டின் வண்டி என்று சொல்லவில்லை, நம்ம ஊர் வண்டி என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்த கையோடு வண்டியையும் பார்த்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பஸ் ஸ்டாண்டில் யார் கை காட்டினாலும் மார்ட்டின் ஏற்றிக்கொண்டார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒருவர் கேட்டதற்கு, கடையில் இருந்த அத்தனை பேரும் அவர் மேல் பாய்ந்தார்கள். "ஏம்பா, யானை வச்சிருக்கிறவன்கிட்ட போயி தவிடு கணக்கு கேப்பியா?"

ஆரம்பத்திலிருந்து எதிர்த்தவர் ஒருவர்தான். ஜெயசீலன், பிரம்மதேசத்துக்காரர். பகலில் ஆரோவில்லில் சோலார் வேலை. மார்ட்டின் அளத்தை ஒட்டி அவர் குடும்பத்துக்கும் பாத்திகள் உண்டு. பேட்டரி ஸ்கூட்டரில் வருவார். ஒருநாள் வண்டியின் முன்னால் நின்று, கையில் தண்ணீர் பாட்டிலோடு, உலகத்தில் காற்று சூடாவதைப் பற்றி விளக்கமாகச் சொன்னார்.

"அண்ணா, ஒரு வூட்டுக்கு எதுக்குணா இவ்ளோ பெரிய வண்டி? நீங்க போறது நாலு தெரு. ஊருக்கே புகை வுட்டுட்டுப் போறீங்க."

"உன் வண்டி மட்டும் என்னாபா, சத்தமே போடாம பின்னாடி வந்து நிக்குது. பேய்னு நினைச்சு நேத்து சிலுவை போட்டுட்டேன்."

"சிரிக்காதீங்கணா. நான் சீரியஸா சொல்றேன்," என்று ஜெயசீலன் தொண்டையை நனைக்கப் பாட்டிலைத் தூக்கினார். காலியாக இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி குடித்துவிட்டிருந்தது.

வெயில் ஏறியதும் ஊர் ஜெயசீலன் பக்கம் திரும்பியது. இந்தக் கரையில் உப்புக்குப் பஞ்சமில்லை, நல்ல தண்ணீர்தான் லாரியில் வரவேண்டும். வண்டி தெருவில் போனால் வாசலில் வைத்த குடங்கள் காலியாகின. பெண்கள் குடத்துக்கு மேல் தட்டை வைத்து, தட்டுக்கு மேல் அம்மிக்குழவியை வைத்தார்கள். நம்ம ஊர் வண்டி பூதமாயிற்று. முடிவில் அது பெரிய வெள்ளிக்கிழமை அன்று, ஊரே ஒருசந்தி நோன்பு இருந்த நேரத்தில், கோயில் தொட்டியைக் குடித்து ஏப்பம் விட்டது. சிலுவைப் பாதையின் நடுவில் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவை கூடியது. வெயில் கொளுத்தியதால் உறுப்பினர்கள் எல்லோரும் அந்த வண்டியிலேயே கூட்டத்துக்கு வந்தார்கள். ஜான்சி கல்யாணத்துக்கு முதல் நாள் பொழுது சாய்வதற்குள் வண்டி ஊரை விட்டுப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் கடலில் தள்ளுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். பிறகு அதிலேயே வீடு திரும்பினார்கள். ஏசி நன்றாக இருக்கிறது என்று வழியில் பேசிக்கொண்டார்கள்.

ஞானமேரி சண்டை போடவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு அனுப்பிவிடுகிறோம், ஒரே ஒரு நாள் கொடுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். தண்ணீர் தூக்கிக் கைவலி கண்டவர்கள் யாரும் இசையவில்லை. அப்பாவிடம் சொல்லப் போனவர் சொல்லாமல் திரும்பிவந்து, மொபெட்டுக்குப் பெட்ரோல் போட்டு வைத்தார். எந்தத் தவணையில் யார் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அந்தோணிதாஸ் எப்படிக் கூட்டினாலும் கடைசித் தவணையில்தான் வந்தார்.

மே மாதம், கல்யாணத்துக்கு முதல் நாள் வந்தது. பழைய வண்டி வாங்கி விற்கும் விஜயகுமார் விழுப்புரத்திலிருந்து வந்து சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேரவைக்காரர்கள் சாட்சிக்கு நின்றார்கள். அப்போது வானம் கருத்தது. அந்த வாரம் உப்பு விளைந்து, வாருவதற்குத் தயாராகப் பாத்திகளில் கிடந்தது. கல்யாண வேலையில் மார்ட்டின் தள்ளிப்போட்டிருந்தார், கல்யாணத்துக்கு வரவேண்டும் என்று மற்றவர்களும் தள்ளிப்போட்டிருந்தார்கள். கோடை மழை ஒரே கொட்டாகக் கொட்டியது. மழைத் தண்ணீர் உடனே உப்புத் தண்ணீரோடு கலக்காது, கொஞ்ச நேரம் மேலே மிதந்து நிற்கும். அதற்குள் மடையைத் திறந்து வடித்துவிட்டால் உப்பு பிழைக்கும். அன்று பெய்த பெயலில் வாய்க்கால்களே நிரம்பி நின்றன, வடிக்க இடமில்லை. ஊரின் ஒரு வருஷத்துச் சோறு கண்ணெதிரே கரையப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஞானமேரி விஜயகுமாரிடம் போனார். "தம்பி, எங்க வூட்டுல இருந்து யாரும் வாய் நனைக்காம போனதில்ல. இதுவும் ஒரு வாய் குடிச்சிட்டுப் போவட்டும். சாவியைக் குடு."

"குடிக்கட்டும்மா, எனக்கு என்னா," என்று சாவியைக் கொடுத்தார் விஜயகுமார். டீசல் போடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஞானமேரி வண்டியை அளத்துக் கரைமேல் ஏற்றி நடுவில் நிறுத்தி, மூடியைத் திறந்தார். பாத்தி பாத்தியாக மழைத் தண்ணீர் எழுந்தது. ஆயிரக்கணக்கான நூல்கள் ஒன்றோடு ஒன்று முட்டாமல் வளைந்து வந்து உள்ளே போயின. பாலில் ஆடையை மட்டும் வழிப்பது போல நல்ல தண்ணீரை மட்டும் எடுத்தது. கீழே உப்புத் தண்ணீர் அசையவில்லை, அதன் அடியில் உப்பு வெள்ளையாக அப்படியே இருந்தது. மார்ட்டின் பாத்திகள் முடிந்ததும், நனைந்த சட்டையோடு வரப்பில் ஒருவர் ஓடிவந்தார். ஜெயசீலன்தான்.

"அண்ணி! எங்க பாத்தி! எங்க பாத்திக்கும் வாங்க அண்ணி!"

"இது புகை வுடுமேபா," என்றார் மார்ட்டின்.

"வுடட்டும்ணா, அப்புறம் பேசிக்கலாம்!"

பொழுது சாயும்போது மழையும் விட்டது, வண்டியும் குடிப்பதை நிறுத்தியது. அதன் ஏப்பத்தில் ஈசிஆரில் போன பஸ்ஸின் கண்ணாடிகள் அதிர்ந்தன. அது எவ்வளவு பெரிதாகியிருந்தது என்றால், திண்டிவனம் சாலையில் வந்தவர்கள் புதுக் கல்யாண மண்டபம் என்று நினைத்து வழி கேட்டார்கள். விஜயகுமார் அண்ணாந்து பார்த்து, இதை ஓட்டுவதற்கு எந்த ஆபீஸில் லைசென்ஸ் கொடுப்பார்கள் என்று கேட்டார். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டே போகிறேன் என்று தங்கிவிட்டார்.

மறுநாள் அனுமந்தைக் கோயிலுக்குக் கிளம்ப அந்தக் குடும்பம் முழுவதும் ஏறியது. ஏறிய பிறகும் பாதி வரிசைகள் காலியாக இருந்ததால் தெருவும் ஏறியது, பேரவையும் ஏறியது, ஜெயசீலன் ஸ்கூட்டரோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிள்ளைகள் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கு ஓட்டப்பந்தயம் விட்டார்கள், மூச்சு வாங்கி நடுவழியில் படுத்துக்கொண்டார்கள். காலடியில் மழைத் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அனுமந்தை மீனவர்கள் கட்டுமரத்தை விட்டு ஓடிவந்து பார்த்தார்கள். கோயில் வாசலில் மணி அடிக்கும் முன்பே வண்டியின் கதவு திறந்தது. ஞானமேரி முதலில் அப்பாவைக் கைப்பிடித்து இறக்கினார். அந்தோணிதாஸ் தரையில் கால் வைத்தார்.

"பந்தி ஆரம்பிச்சிடுச்சா?"

"இன்னும் தாலியே கட்டலப்பா."

அந்தோணிதாஸ் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை நிதானமாக வாரிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் இறங்கி முடிய நேரம் பிடித்ததால் பூசை தாமதமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் முதலில் எண்ணினார்கள், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு இன்னொரு அண்டா பிரியாணி வைக்கச் சொன்னார்கள்.

இதனால் ஊரின் கருத்து மாறிவிட்டது என்று எழுத முடியாது. டீசல் விலை ஏறும்போதெல்லாம் டீக்கடையில் அதை இன்னும் பூதம் என்றுதான் சொல்கிறார்கள். பேரவையின் தீர்மானம் ரத்தாகவில்லை, நிறைவேற்ற யாரும் வரவில்லை, விஜயகுமாரும் மறுபடி சாவி கேட்கவில்லை, அவ்வளவுதான். ஜூன் மாதம் தண்ணீர் லாரி நின்றபோது மார்ட்டின் மூடியைத் திறந்து ஒரு ரப்பர் குழாயைப் போட்டார். அன்றிலிருந்து தெருவுக்கு ஒரு நாள் முறை வைத்து எல்லோரும் பிடிக்கிறார்கள். லேசாக டீசல் வாடை அடிக்கிறது, குடிக்க ஆகாது, துணிக்கும் பாத்திரத்துக்கும் ஆகும். கொடுக்கக் கொடுக்க வண்டி சிறுத்து, இப்போது மறுபடி வாசலுக்குள் நிற்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஜெயசீலன் வாரம் ஒருமுறை வந்து குழாயைப் பிடித்துக்கொண்டே காற்று சூடாவதைப் பற்றிப் பேசுகிறார். அவர் சொல்வது சரி என்று மார்ட்டினும் ஒப்புக்கொள்கிறார்.

நாளை திங்கள், எங்கள் தெருவின் முறை. விடிந்ததும் குடங்களைக் கழுவிக் கொண்டுபோய் வரிசையில் வைக்க வேண்டும். நிரம்பிய குடத்தை உடனே மூட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பக் குடித்துவிடும்.