தூசி அடங்க மூன்று பௌசர்

சொன்ன விலையைக் கேட்டு, ஒரு வார்த்தை பேசாமல் காசை நீட்டுகிற ஆளைக் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் யாரும் நம்புவதில்லை. அது அவன் காசாக இருக்காது. அல்லது அவன் வாங்க வந்தது நாம் விற்கிற சாமானாக இருக்காது. என் அப்பாவின் பிடவைக் கடையில், மேசைக்கு மேலே தலை தெரியாத வயதிலேயே இதை நான் படித்துவிட்டேன்.

ஆகவே, எங்கள் பிரதேச சபையின் நிர்வாக உத்தியோகத்தர் யதுர்ஷன் என் கடைக்கு வந்து, மனைவிக்கு என்று ஒரு பச்சைச் சாறியைத் தொட்டபோது, நான் வேண்டுமென்றே இரண்டு மடங்கு விலை சொன்னேன். "சரி அக்கா, கட்டுங்க" என்றார்.

நான் கட்டவில்லை.

"என்ன விசயமா வந்தீங்க தம்பி?"

"சாறிக்குத்தான் அக்கா."

"சாறிக்கு வந்த ஆள் சாறியப் பாத்திருக்கும். நீங்க றோட்டப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க."

மனிதர் கதிரையில் உட்கார்ந்து கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். "அல்பேட் அண்ணனோட ஒரு கதை இரிக்கு. நீங்க சொன்னா அவர் கேப்பார்."

அல்பேட் என் கணவர். சபையின் தண்ணீர் பௌசர் லொறி ஓட்டுகிறார். பதினொரு வருடமாக அமய ஊழியர்; நிரந்தர நியமனம் ஒவ்வொரு தேர்தலுக்கும் வருவதாகச் சொல்லப்படும், தேர்தல் மட்டும் வரும். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு கர்வம், ரன்னிங் சாட். வாகனம் எங்கே, எதற்கு, எத்தனை கிலோமீற்றர் போனது என்று சாரதி எழுதுகிற புத்தகம். மற்றவர்கள் மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பது நாளையும் ஒரே மூச்சில் எழுதி முடிப்பார்கள். அல்பேட் அன்றன்று எழுதுவார். வேலை வாங்கினவரின் கையெழுத்து விழாமல் சாவியை ஆணியில் மாட்டமாட்டார்.

யதுர்ஷன் எதைப் பற்றிப் பேச வந்தார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நாடே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. யார் யார் மக்கள் காசில் அரசாங்க ஹெலிகொப்டரில் எத்தனை தரம் பறந்தார்கள் என்று பாராளுமன்றத்தில் ஒரு பட்டியல் வாசித்திருந்தார்கள். அதில் எங்கள் வாவிக்கரையும் இருந்தது. போன வருட வறட்சியில், அப்போதைய அமைச்சர் ஒருவர் சிநேகிதரின் புது ஹோட்டலைத் திறந்து நண்டுக்கறியோடு சாப்பிட்டுப் போக வந்து இறங்கிய இடம் அது. இப்போது தொலைக்காட்சியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வறட்சியில் வாடிய மக்களுக்குக் குடிநீர் போய்ச் சேருகிறதா என்று பார்க்கத்தான் போனேன்" என்கிறார்.

"அதுக்கு நீங்க ஏன் தம்பி வியர்க்கிறீங்க?"

"கரடியனாத்துக்கு அங்கால இரிக்கிற குடியிருப்பில வல்லிபுரம் எண்டு ஒரு ஆள். தகவல் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கார். ஹெலியப் பத்தி ஒண்டும் கேக்கல்ல அக்கா. அண்டைக்குத் தங்களுக்கு வரவேண்டிய பௌசர் எங்க போன, அந்த நாள் ரன்னிங் சாட் கொப்பி வேணும், அவ்வளவுதான்."

"சாட்டில என்ன இரிக்கு?"

"ஹெலி இறங்கும் மைதானத்தில் தூசி அடங்க, மூன்று பௌசர்."

"கையெழுத்து?"

தலை குனிந்தார். "என்டதுதான். அவசரத்தில வாசிக்காம வச்சிட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வானத்தில் போனதையெல்லாம் மறைத்தவர்கள் கீழே நின்ற பௌசரை மறந்துவிட்டார்கள்.

யதுர்ஷன் பையைத் திறந்து ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்தார். அல்பேட்டின் நிரந்தர நியமனம். முத்திரையும் குத்தியிருந்தது.

"புதுசா ஒரு பக்கம் எழுதித் தந்தாப் போதும். மூண்டும் சனத்துக்குப் போனதா."

நான் வாய் திறக்கவில்லை.

"ரெண்டு சனத்துக்கு எண்டாலும் சரி."

அப்போதும் திறக்கவில்லை.

"சரி அக்கா, ஒண்டே ஒண்டு!"

எதிரில் இருப்பவள் பேசாமல் இருக்கும்போதே ஒருவர் தானாக இறங்கினால், சாமான் அவருக்கு எவ்வளவு பெறுமதி என்று வியாபாரிக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், என் உள்ளங்கை அரித்தது. பதினொரு வருடம். ஓய்வூதியம். வயதான காலத்தில் ஒருவரிடம் கை நீட்டாத வாழ்க்கை. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் வேறு என்னவெல்லாம் கேட்கலாம் என்றுகூட மனம் ஓடியது. என் கடையில் விலை இல்லாத பொருள் அந்தோனியார் சுரூபம் ஒன்றுதான்.

அந்த நேரம் அல்பேட் பகல் சாப்பாட்டுக்கு வந்தார். கதையைக் கேட்டார். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கடிதத்தை எடுத்து, முத்திரையில் உள்ள எழுத்துவரை வாசித்தார். பிறகு அது மடிந்திருந்த மடிப்பிலேயே மடித்து வைத்தார்.

"சேர், அண்டைக்கு அந்த ஹெலி இறங்கி அரை நிமிசத்தில மைதானம் காஞ்சி போச்சி. நான் மூண்டு தரம் போய் ஊத்தின பன்னிரண்டாயிரம் லீற்றர். அது கிளப்பின தூசியத் திண்டது நானும் என்ட பௌசரும்தான்."

"தெரியும் அண்ணன்..."

"மறுகா வெறும் பௌசரோட வல்லிபுரத்தார்ட இடத்துக்குப் போய், தண்ணி இல்ல எண்டு சொன்னன். குடத்தோட வரிசையில நிண்ட சனம். ஒருத்தரும் ஏசல்ல. ரெண்டு நாள் குளத்துச் சேத்துத் தண்ணிய வடிச்சிக் குடிச்சிருக்காங்க. இப்ப அவங்க என்ட தண்ணியக் குடிச்ச எண்டு நான் எழுதோணுமா?"

"என்ட வேலை போயிரும் அண்ணன்."

"ஏன் போகுது? நீங்க கையெழுத்து வச்சது உண்மையில. அதுதான் உங்களக் காப்பாத்தும். புதுப் பக்கத்தில வச்சாத்தான் பயப்படோணும். மைதானத்துக்கு ஊத்தச் சொல்லி உங்களுக்கு ஆர் போன் கோல் எடுத்த எண்டும் சேத்துக் குடுங்க."

"அப்ப இந்தக் கடிதம்?"

"எனக்குரியது எண்டா அது தன்ட பாட்டில வரும். இல்லாட்டி நான் இப்படியே ஓடுறன்."

மீன் வாங்க அனுப்பினால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர் இவர். இருபது வருடமாக அதற்காக நான் ஏசாத ஏச்சில்லை. சந்தையில் பாதிப் பேர் இவரைக் கண்டதும் விலையைக் கூட்டுவார்கள். அன்றைக்கு என் கடையில் நின்று ஒரே ஒரு விலை சொன்னார். அதிலிருந்து ஒரு சதம் இறங்கவில்லை.

யதுர்ஷன் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சாறி அக்கா?"

"அந்த விலைக்கு இண்டைக்கு நான் விக்கல்ல தம்பி."

இரண்டு கிழமை கழித்து, வல்லிபுரத்தாருக்குச் சபை கொடுத்த கொப்பியை இரவுச் செய்தியில் காட்டினார்கள். அல்பேட்டின் எழுத்து, சாய்வில்லாமல், வரம்பு கட்டின மாதிரி. செய்தி வாசிக்கிற பெண் அதை ஒரு சொல் விடாமல் வாசித்தாள்: "ஹெலி இறங்கும் மைதானத்தில் தூசி அடங்க, மூன்று பௌசர்." அமைச்சராக இருந்தவர் அன்று பேட்டி கொடுக்கவில்லை. அல்பேட் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கிலோமீற்றரையும் எழுதியிருக்கன், அத வாசிக்கல்லயே" என்றார்.

அடுத்த சந்தை நாளில் யதுர்ஷன் மனைவியோடு வந்தார். அதே பச்சைச் சாறி. நான் விலை சொன்னதும் மனிதர் குதித்தார்.

"என்னக்கா, கொள்ளையா அடிக்கிறீங்க? மட்டக்களப்பு டவுனில இதில பாதி!"

"அப்ப டவுனுக்குப் போங்க தம்பி, பஸ் நிக்கிது."

முக்கால் மணி நேரம் இழுத்தோம். இரண்டு தரம் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். கரையைப் பிரித்துப் பார்த்தார், சாயம் போகுமா என்றார், முந்தானையில் இல்லாத நூல் ஒன்றைக் கண்டுபிடித்தார். கடைசியில் அவர் கேட்ட விலைக்கே கொடுத்தேன். சாறி வாங்க வந்த ஆளுக்கு நான் விட்டுக்கொடுப்பேன்.

பொதியைக் கையில் கொடுக்கும்போது மெல்லக் கேட்டேன். "கடிதம்?"

"பைல் மேல போயிரிக்கு அக்கா. இந்தமுறை நானே சிபாரிசு எழுதி அனுப்பினன். வருமா எண்டு சொல்லேலாது."

இன்னும் வரவில்லை. அல்பேட் அமய ஊழியர்தான். போன மாதம் கரடியனாற்றுப் பக்கமிருந்து இரண்டு பெண்கள் துணி எடுக்க வந்து, என் பெயர்ப்பலகையின் கீழே நின்றுகொண்டே பக்கத்துக் கடை நிஸ்தாரிடம் கேட்டார்கள்.

"பௌசர்க்காரர்ட கடை எது?"

இருபது வருடமாகப் பலகையில் பெரிய எழுத்தில் 'மேர்லின்' என்று என் பெயர் இருக்கிறது. நான் தலையை வெளியே நீட்டி, "இதுதான், வாங்க" என்றேன்.