சரித்திரச் சேறு

அந்த ஏரிக்கரை ஊரில் சலூன் வைத்திருந்தவருக்குச் ‘சரித்திரம்’ என்று பட்டப்பெயர். முடிவெட்ட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து ஓட முடியாது என்ற தைரியத்தில், ஊர் முதலில் எதிர்க்கரையில்தான் இருந்தது என்று எல்லோர் காதிலும் ஓதிக்கொண்டிருப்பார்.

ஒரு கோடையில் ஏரி பாதி வற்றியபோது எதிர்க்கரையில் ஒரு செங்கல் சுவர் தலைகாட்டியது. மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவியின் தம்பியை இழுத்துக்கொண்டு படகில் கிளம்பினார். சுவர் கிட்டே வந்ததும் பொறுக்காமல் குதித்தார். இடுப்பு வரை சேற்றில் போய்விட்டார்.

“மச்சான், அசையாதீங்க. போய் ஆள் கூட்டிட்டு வரேன்.”

“வேணாம்டா, மானம் போயிடும். நீயே இழு.”

இழுத்த இழுப்பில் சட்டைக் கை மட்டும் கையோடு வந்தது. மைத்துனர் ஆள் தேடிப் போக, சுவரை நிதானமாகப் பார்க்க அவருக்கு நேரம் கிடைத்தது. அது இடிந்துபோன பம்ப் அறை. மேலே பெயின்டில், ‘இங்கே குளிக்காதீர்கள்’ என்று எழுதியிருந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாதி ஊர் கயிற்றோடு வந்து அவரைக் கரையேற்றியது. மீன்பிடிப்பவர்கள் அந்த இடத்துக்குச் ‘சரித்திரச் சேறு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது கடையில் அவர் சொல்வது இந்தக் கதையைத்தான்.

“கழுத்து வரைக்கும் போயிட்டீங்களாமே?” என்று யாராவது கேட்டால் மறுப்பதில்லை.

“தலை மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது. அதுலயும் முடி வெட்டி ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு. அதுதான் அவமானம்.”