விருந்தாளிக்காகத் திறந்த ஜன்னல்

சாத்தியிருக்கக்கூடாதே. இந்த ஜன்னல் சாத்தியிருக்கவே கூடாது. ஒருவேளை வீட்டில் ஆள் இல்லையோ. இல்லை, உள்ளே ரேடியோ கேட்கிறது. ஆள் இருந்துகொண்டு, இந்த வெக்கையில், யார் ஜன்னலைச் சாத்தி வைப்பார்கள்?

கொழும்பு கொட்டாஞ்சேனையில், தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கமான வரிசை வீட்டுக் குடியிருப்பொன்றின் முதல் வீட்டுக்கு முன்னால் நின்றபடி அருந்ததி இதைக் கேட்டுக்கொண்டாள். கேள்வி முடிவதற்குள் விடை தெரிந்துவிட்டது. வெள்ளவத்தையில் அவள் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸில் தெருப்பக்க ஜன்னல் திறந்து எவ்வளவோ காலம். அது ஏன் சாத்தியிருக்கிறது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. காலையில் அடையாள அட்டையைக் கைப்பையில் வைப்பதுபோல அதுவும் ஒரு பழக்கம்.

போன கிழமை மறந்துவிட்டுப்போன வெப்பமானியை எடுக்கத்தான் வந்திருந்தாள். சொல்லாமல் வந்தது இதுதான் முதல் தடவை.

பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை ஆய்வுகூடத்தில் அவள் ஆய்வு உதவியாளர். மின்விசிறி வாங்க முடியாத நெருக்கமான வீடுகளைக் காற்றைக் கொண்டே குளிரவைக்க முடியுமா என்பதுதான் அங்கே பல வருடங்களாகக் கேட்கப்படும் கேள்வி. கார்ட்போர்ட்டில் சின்னச் சின்ன வீடுகள் செய்வார்கள். கண்ணாடி போட்ட ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, ஒரு முனையில் விசிறியைச் சுழலவிட்டு, ஊதுபத்திப் புகை எந்த வாசலால் நுழைந்து எதனால் வெளியேறுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"விஞ்ஞானத்துக்குக் கொளுத்தினதைச் சாமிக்குக் கொளுத்தியிருந்தா நாட்டில சண்டை எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்பான் மாதிரி வீடுகள் செய்யும் கிளறன்ஸ்.

அந்தப் புகை காட்டிய வழியில்தான் இந்த வரிசை வீடுகளைத் திருத்தினார்கள். முன்சுவரில் இருந்த பழைய மரக்கிராதியைக் கழற்றிவிட்டு உயரமான ஜன்னல். பின்னால் கூரைக்குக் கீழே ஒரு திறப்பு. பிறகு அளந்தபோது வெக்கை நன்றாகக் குறைந்திருந்தது. கட்டுரை வெளியாயிற்று. வெளிநாட்டு விருதொன்றின் கடைசிச் சுற்றுக்கு ஆய்வுகூடம் தெரிவாகியிருந்தது. விருதோடு அங்கே மேற்படிப்புக்கு ஓர் இடமும் வரும். அது அருந்ததிக்கு என்று பேசிவைத்தாயிற்று. சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நிற்கும்போதெல்லாம் அவள் அந்த இடத்தைத்தான் நினைத்துக்கொள்வாள்.

கதவைத் தட்டினாள். வெள்ளையம்மா பாதிக் கதவைத் திறந்து, யாரென்று பார்த்துவிட்டு முழுவதும் திறந்தாள்.

"என்ன மிஸ், சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க. இருங்க, இருங்க."

அவள் நேரே ஜன்னலுக்குப் போனாள். அவள் கை கொக்கியில் படுமுன்பே, தரையில் உட்கார்ந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்த பெண், வெள்ளையம்மாவின் தங்கை மகள் இராமலெட்சுமி, எழுந்து சமையல் மூலைக்குப் போய்விட்டாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. முன்பு வந்தபோதெல்லாம் அந்தப் பெண் சமையல் மூலையில்தான் இருந்தாள் என்பது அப்போதுதான் அருந்ததிக்கு உறைத்தது. கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தாள்.

"எப்பவும் சாத்தித்தான் வச்சிருப்பீங்களா?"

"நீங்க வர்ற அன்னைக்குத் தொறந்திருவோம் மிஸ். வீட்டுக்கு வர்றவங்க வேர்த்து ஊத்த ஒக்காந்திருந்தா நல்லாவா இருக்கு?"

"மற்ற நாளில?"

வெள்ளையம்மா தெருவைக் காட்டினாள். எதிரே மண்மூட்டை அடுக்கிய சாவடி. "பழைய கிராதின்னா நாம வெளிய பாக்கலாம், வெளிய இருக்கிறவன் நம்மள பாக்க ஏலாது. இது தொறந்தா அடுப்படி வரைக்கும் தெரியுது. புள்ள மலைநாட்டுல அட்டனிலருந்து வந்த புதுசு. ஐடென்டி காடு எழுதிப்போட்டு இன்னும் வரல்ல. புது மூஞ்சின்னு வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு ராத்திரி பொலிஸ் ஸ்டேசன்ல வச்சிருந்தாங்க."

"எங்களிட்ட ஒருநாளும் சொல்லேல்லையே."

"ஆசையா கட்டிக் குடுத்தீங்க. எப்படி மிஸ் சொல்றது?"

அருந்ததி எழுந்து ஜன்னலைத் தானே சாத்தினாள். வெள்ளையம்மா எடுத்துத் தந்த வெப்பமானியைச் சுவரில் மாட்டிவிட்டு, வெறுந்தேநீர் குடித்தபடி காத்திருந்தாள். கிராதி இருந்த காலத்தில் எடுத்த அளவைவிட அது ஒரு பாகை கூடக் காட்டியது. இராமலெட்சுமி வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள். கழுத்தில் வியர்வை ஓடியது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

மறுநாள் ஆய்வுகூடத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியர் தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கலவரங்கள், குண்டுகள், மாதக்கணக்கில் மூடிக்கிடந்த வளாகம், எல்லாவற்றுக்குள்ளும் கார்ட்போர்ட்டையும் ஊதுபத்தியையும் வைத்து இந்த இடத்தை நடத்தி வந்தவர். அவர்மேல் அவளுக்கிருந்த மரியாதை அந்த நேரத்திலும் குறையவில்லை. அதனால்தான் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"அப்ப நாங்கள் அளந்ததெல்லாம் விருந்தாளியின்ர வெக்கை எண்டுறீர்."

"ஓம், சேர்."

"விருந்தாளிக்குக் குடுத்த பிளேன்டீயையும் கட்டுரையில சேர்த்திருக்கலாம்" என்றான் கிளறன்ஸ். பிறகு தான் செய்துகொண்டிருந்த மாதிரி வீட்டின் பக்கம் குனிந்துகொண்டான்.

"திருத்துவம்" என்றார் பேராசிரியர். "அடுத்த கட்டுரையில எல்லாத்தையும் எழுதுவம். கிராதியையும் திருப்பிப் போட்டுக் குடுப்பம். ஆனா அதுக்கும் இந்த விருது வேணும். திங்கட்கிழமை விருதுக்குப் படம் எடுக்கிற ஆள் வருது. ஒரு மணித்தியாலம் ஜன்னல் திறந்திருந்தாக் காணும். அந்தப் பிள்ளையையும் ஜன்னலடியில இருந்து ஏதும் வாசிக்கச் சொல்லும். வெளிச்சம் நல்லா விழும்."

"எதிரில சாவடி, சேர்."

"நான் பொலிஸோட கதைக்கிறன்."

"அந்த ஒரு மணித்தியாலத்துக்குக் கதைப்பீங்கள். பிறகு அவள் அங்கதானே இருக்கப்போறாள்."

பேராசிரியர் மேசையில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவருடைய வீடும் வெள்ளவத்தையில்தான், அவளுடைய ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. மாலையில் அதைக் கடந்து போகையில் முன் ஜன்னல்கள் சாத்தியிருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் வென்றுவிடலாம். அவருடைய முகம் அதை ஏற்கெனவே கேட்டுவிட்டதுபோல இருந்தது. அவள் சொல்லவில்லை.

"அருந்ததி, இது உமக்கும்தான். உம்மட இடமும் இதில இருக்கு."

"தெரியும், சேர்." அந்த இடம் எப்படி இருக்கும் என்று அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அங்கே அவளுக்கு ஓர் அறை இருந்தது. அறையில் ஒரு ஜன்னல், எப்போதும் திறந்தபடி.

"நீர் ஒருக்காப் போய்க் கேளும்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "வேற யாரும் கேட்டாத் தயங்குவினம். நீர் கேட்டா, மாட்டம் எண்டு சொல்லமாட்டினம்."

அருந்ததி வெப்பமானியை அதன் உறைக்குள் போட்டு மேசையில் வைத்தாள்.

"ஓம் சேர், சொல்லமாட்டினம். அதாலதான் நான் கேக்கமாட்டன்."