கேசட்டில் ஆறு புரோகிராம்

பெண்கள் வயதைச் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. திருப்பதி கோபிகிருஷ்ணன் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் மழுப்பியதெல்லாம் ஆண்கள்தான். நாற்பது வருஷத்துக்கு முந்தைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்து, தூசி தட்டி, டிவியில் மாட்டி, திரையில் ஓர் எழுத்து வந்துவிட்டால் குலதெய்வமே வந்த மாதிரி பூரித்துப்போகிறவர்களின் குழு அது. ‘உங்க வயசு என்ன, முதல் கம்ப்யூட்டர் ஞாபகம் என்ன?’ என்று ஒருநாள் யாரோ கேட்டுவைக்க, ‘ஐம்பதுக்கு மேல்’, ‘பேரன் எடுத்தாச்சு’, ‘மனசுக்குப் பதினாறு’ என்று ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள்.

புத்தூரில் கணக்கு டீச்சராக இருக்கும் பிரேமலதா மட்டும் நேராக எழுதினார்.

“வயசு அம்பது. பதினோரு வயசுல எங்க அண்ணன் சந்திரசேகர் பக்கத்துல உக்காந்துகினு, புத்தகத்துல இருக்கற புரோகிராமை வரி வரியா படிப்பேன். அவன் தட்டுவான். மாமா சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர். அப்பல்லாம் பாட்டு கேசட்டுலதான் புரோகிராமை சேவ் பண்ணணும். எது எங்க இருக்குதுன்னு தெரியணுமே, அதுக்காக ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி அண்ணன் அந்த புரோகிராம் பேரை வாயால சொல்லி பதிவு பண்ணுவான். இருபத்திரண்டு வயசுல மஞ்சக்காமாலைல பூட்டான். போட்டோ நாலு இருக்குது. குரல் அந்த கேசட்டுல மட்டும்தான். அறுந்துடுமோன்னு பயந்து முப்பத்தாறு வருசமா போட்டுப் பாக்கல.”

இதற்கு வந்த பதில்களைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ‘மெமரி 16கே-வா, 48கே-வா?’ என்றார் ஒருவர். ‘ரப்பர் கீபோர்டா மேடம்?’ என்றார் இன்னொருவர். அடாப்டர் விற்பனைக்குக் கிடைக்குமா என்று ஒருவர் தனியாக மெசேஜே அனுப்பினார். செத்துப்போன அண்ணனைப் பற்றி ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.

கோபிகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அடுத்தவருக்கு ஒன்று என்றால் ஓடுகிறவர். அந்தப் பதிவை முழுக்கப் படித்தார். ‘அடப் பாவமே’ என்று நினைக்கவும் செய்தார். ஆனால் யாரோ முகம் தெரியாத பையன் கைப்பட அடித்த புரோகிராம் கிடைத்தாலே ஒரு வாரம் தூங்காத மனுஷன் அவர். அண்ணனும் தங்கையுமாக அடித்த புரோகிராம் என்றதும் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது. “கேசட்டை கொண்டாங்கம்மா. நான் எடுத்துத் தரேன்” என்று எழுதினார்.

பிரேமலதா பஸ் ஏறி வந்தார். கேசட்டை ஈரம் தாக்காமல் இருக்க ஒரு டிபன் பாக்ஸில் அரிசி கொட்டி அதற்குள் புதைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“சாதம் வடிக்க கொண்டாந்தீங்களா?” என்று சிரித்தபடி வாங்கிய கோபிகிருஷ்ணன், மூடியைத் திறந்து கேசட்டை எடுத்துப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். டேப்பின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. “இது ஒரு தபாதான்மா ஓடும். அந்த ஒரு தபாவுல எடுத்துக்கணும்.”

“ஓட்டும்போது நான் பக்கத்துல இருந்து கேக்கலாமா சார்?”

“வேணாம்மா. புரோகிராம் ஓடற அந்த கீச்சு சத்தம் காதை கிழிச்சுடும். காய வெச்சு, கிளீன் பண்ணி, பத்து நாள்ல முடிச்சுட்டு கூப்பிடறேன்.”

பிரேமலதா ஏதோ சொல்ல வந்து, பெரியவர், விஷயம் தெரிந்தவர் என்று நினைத்துப் பேசாமல் போய்விட்டார். கேட்டிருக்கலாம். நாமெல்லாம் கேட்க வேண்டிய இடத்தில்தானே மரியாதை பார்க்கிறோம்.

பழைய கேசட்டை எடுப்பதில் இரண்டு வழி உண்டு. முதலில் ஓசை முழுவதையும் அப்படியே பதிவு செய்துகொண்டு, பிறகு நிதானமாக அதிலிருந்து புரோகிராமைப் பிரிப்பது ஒன்று. ஓட ஓட நேராகவே புரோகிராமைப் பிரித்து, மற்ற ஓசையைப் பதியாமல் விட்டுவிடுவது இன்னொன்று. கோபிகிருஷ்ணன் இரண்டாவது கட்சி. தப்பு எங்கே விழுகிறது என்று அந்த நிமிஷமே தெரியும் என்பார். “அரிசி கையில வந்தப்புறம் உமியை எதுக்குய்யா மூட்டை கட்டணும்?” என்று குழுவில் பலரை மடக்கியும் இருக்கிறார்.

பத்தாம் நாள் மத்தியானம் ஓட்டினார். டேப் ஓட ஓடப் பழுப்புத் தூள் உதிர்ந்தது. கீச்சுச் சத்தத்துக்கு முன்னால் ஒரு இளைஞனின் குரல் ஏதோ சொன்னது. இன்னொரு புரோகிராம், மறுபடி குரல். ஒருமுறை அந்தக் குரல் சிரிக்கவும் செய்தது. கோபிகிருஷ்ணன் பேச்சு முடியட்டும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு புரோகிராம்கள், ஒரு எழுத்துகூடச் சிதையாமல் விழுந்தன. ஆறாவது முடிந்த கையோடு டேப் மூன்று துண்டாக அறுந்தது. பதிவு தங்கும் தூள் போன இடமெல்லாம் வெறும் கண்ணாடித் தாளாகத் தெரிந்தது. அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, வெற்றி வெற்றி என்று குழுவில் எழுதினார். கைதட்டல் குவிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரேமலதா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். கோபிகிருஷ்ணன் தன்னுடைய ஸ்பெக்ட்ரத்தை டிவியில் மாட்டி ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். ஒரு வாய்ப்பாடு, ஒரு பாம்பு விளையாட்டு, திரை முழுக்கக் கோலம் போடும் ஒன்று. பிரேமலதா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஆறும் முடிந்தது.

“குரல் எப்ப வரும் சார்?”

கோபிகிருஷ்ணனுக்கு முதல் நாள் படித்த பதிவு முழுவதும் இப்போதுதான் புரிந்தது. எழுந்தார், உட்கார்ந்தார். நேராகப் பிரிக்கும் முறையைப் பற்றி, அதில் ஓசை தங்காது என்பதைப் பற்றி, டேப் அறுந்ததைப் பற்றி, தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தார். மன்னிப்பும் கேட்டார். அந்த அம்மாள் அழுதிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“ஓடும்போது நீங்க இருந்தீங்களா சார்?”

“இருந்தேன்மா.”

“குரல் கேட்டுதா?”

“கேட்டுது.”

“இன்னா சொன்னான்?”

கோபிகிருஷ்ணன் நினைத்துப் பார்த்தார். ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. அறுபதைத் தாண்டிய மனுஷனுக்கு, எதிரில் உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பார்த்து ‘கவனிக்கவில்லை’ என்று சொல்ல நா எழவில்லை. இரக்கம்தான் பொய்க்கு முதல் வாசல்.

“ஒவ்வொரு புரோகிராம் பேரும் சொன்னாரும்மா. அப்புறம், ‘லதா, ரெடியா?’ன்னு கேட்டாரு. சிரிச்சாரு.”

பிரேமலதா அவரைப் பார்த்தார். கோபம் இல்லை. வகுப்பில் விடையைப் பக்கத்துப் பையனிடம் பார்த்து எழுதியவனை அவர் பார்க்கும் பார்வை அது.

“எங்க அண்ணன் என்னை ஒரு நாளும் லதான்னு கூப்பிட்டது இல்ல சார். புஜ்ஜின்னுதான் கூப்பிடுவான்.”

கோபிகிருஷ்ணன் ஒரு பென்டிரைவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

“பர்லேது, பரவால்ல சார். நீங்க வேணும்னு செய்யல” என்றபடி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார் பிரேமலதா. வாசல் வரை போய் நின்றார். “முப்பத்தாறு வருசமா, அவன் பேசி கடைசியா கேட்டது நான்தான்னு இருந்தேன். இப்ப அது நீங்க. கொஞ்சம் காது குடுத்து கேட்டிருக்கலாம் சார்.”

ஆறு புரோகிராமும் இருந்த அந்தப் பென்டிரைவை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கோபிகிருஷ்ணன் பின்னாலேயே தெருவுக்கு ஓடிவந்தார். அதற்குள் அவர் ஷேர் ஆட்டோவில் ஏறியிருந்தார். திரும்பி வந்து டிவியை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்த இளைஞனின் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். கீச்சுச் சத்தம் மட்டும் நன்றாக நினைவில் இருந்தது.