இருபதாவது ஸ்டார்

பயிற்சிக்குப் போய்விட்டு வந்தால் சும்மா இருக்க எனக்குத் தெரியாது. பிள்ளைகளின் நல்லொழுக்கம், மனநலம் என்று மூன்று நாள் கேட்டதையெல்லாம் ஒரே சார்ட்டில் இறக்கி, என் இரண்டாம் வகுப்புச் சுவரில் ஒட்டினேன். சண்டையும் சத்தமும் இல்லாமல் ஒருநாள் இருந்தால் ஒரு ஸ்டார். இருபது சேர்ந்தால் வெள்ளிக்கிழமை அசெம்பிளியில் தலையில் கிரீடம். நான் இல்லாத நேரத்தில் சத்தம் போடுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது லீடர் ஜெனித்தின் வேலை. பெயர் ஏறினால் அன்றைக்கு ஸ்டார் கிடையாது. குலசேகரத்தில் இப்படி ஓர் அமைதியான வகுப்பைப் பார்த்ததில்லை என்று ஹெச்.எம். சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஸ்மைலினுக்குப் பத்தொன்பது ஸ்டார் ஆகியிருந்தது. அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஜின்சியின் ஒரே மகள் அவள். கிரீடம் வைக்கிற அன்று அம்மா லீவு போட்டு வருவாள் என்று ஒரு வாரமாக என் காதில் ஓதிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை கடைசி மணி. கரும்பலகையில் ஒரு பெயர்கூட இல்லை. ஸ்மைலினைக் கூப்பிட்டு, எல்லாரையும் கைதட்டச் சொல்லி, இருபதாவது ஸ்டாரை நீட்டினேன். அவள் இடது கையை நீட்டினாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"ஏட்டி, இத்தன நாளா சொல்லித் தந்தது இதுதானா? வலது கையால வாங்கு."

அவள் இடது கையால் வலது கையைத் தூக்கி என் முன்னால் காட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே, வளையக்கூடாத இடத்தில் கை வளைந்திருந்தது. வீங்கித் தோல் பளபளத்தது. ஸ்டார் எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

"எப்ப விழுந்த மக்கா?"

"சோத்து மணிக்கு. பைப்படியில வழுக்கிட்டு."

மூன்று மணி நேரம்! அதற்குள் நான் இரண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். பாட்டை ஒப்பிக்கச் சொன்னேன், ஒப்பித்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவளைக் காட்டி, "இவளப் பாத்துப் படிங்க" என்று மற்றவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன், பாவி.

ஜெனித் நடுங்கிக்கொண்டே எழுந்தான். "கரையப் பாத்தா டீச்சர். கரைஞ்சா பேரு எழுதுவேன்னு சொன்னேன். நீங்கதானே எழுதச் சொன்னிய?"

அவளை அழவிடாமல் செய்ததற்கு அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஜின்சிக்குப் போன் போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முன்கையில் இரண்டு எலும்பும் ஒடிந்திருந்தன. ஊசி போட்டபோதும் கையை அசைத்து மட்டை வைத்துக் கட்டியபோதும் ஸ்மைலின் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அழு, அழு என்று நான் கெஞ்சினேன். அவள் நம்பவில்லை.

"சத்தமே இல்லையே! நல்ல பிள்ள" என்றார் டாக்டர். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஜின்சி வேலைச்சேலையோடு ஓடி வந்தாள். கையெல்லாம் முந்திரிக்கறை. "எனக்க மோளே!" என்று அவளை அள்ளி நெஞ்சோடு சேர்த்தாள். ஸ்மைலினோ அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைத்தான் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு வந்தது.

"டீச்சர், இப்பக் கரையட்டா?"

தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் அழுதாள்.