அனுப்ரியா மேடத்தின் முப்பது பர்சன்ட்

"தம்பி, ஒரு பாட்டு பண்ணிக் குடுக்க எவ்ளோ வாங்குவ?" என்று யாராவது நேருக்கு நேர் கேட்டுவிட்டால் போதும், முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று குமரேசனுக்குத் தெரியாது. காது மடல் இரண்டும் சூடாகிவிடும். பார்வை தரைக்குப் போய்விடும். "பாத்து குடுங்கண்ணா" என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

வந்தவர்களும் பார்த்துத்தான் கொடுத்தார்கள். காதுகுத்துப் பாட்டுக்கு ஒருவர் பொன்னாடை போர்த்தினார். கோயில் பாட்டுக்கு ஒருவர் அரை மூட்டை பொன்னி அரிசி இறக்கினார். ஒரு கபடிக் குழு பேனரின் மூலையில் அவன் முகத்தைத் தபால்தலை அளவுக்குப் போட்டு, கீழே 'இசைச் சூறாவளி' என்று எழுதி, அதோடு கணக்கை முடித்துக்கொண்டது.

உத்திரமேரூர் பஜாரில் மாட்டுத் தீவனக் கடைக்கு மேல்மாடி அவன் வீடு. முன்அறைச் சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டி ஸ்டுடியோ ஆக்கியிருந்தான். மெட்டுப் போடுவான், வாத்தியம் சேர்ப்பான், பாடுகிறவர்களைப் பதிவு செய்து முழுப் பாட்டாக்கிக் கொடுப்பான். வேலையில் குறை சொல்ல ஆளில்லை. பாட்டு முடிந்து கதவைத் திறந்து விலை பேசவேண்டிய அந்த ஒரு நிமிடத்தில்தான் அவன் ஆளே சுருங்கிப்போவான்.

வாலாஜாபாத்திலிருந்து கல்யாணமாகி வந்த திவ்யா, அந்த அரை மூட்டை அரிசியைப் பார்த்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அது ஒரு மாத உழைப்புக்கு வந்தது என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். கல்யாணத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் ஒரு பைனான்ஸ் ஆபீசில் போனில் பேசும் வேலை பார்த்தவள். யாரிடம் எப்படிப் பேசினால் மறுபேச்சு வராது என்பது அவளுக்கு அத்துப்படி. பழைய போன் ஒன்றில் புது சிம் போட்டாள். "இனிமே வெல கேட்டா, மேனேஜர் அனுப்ரியா மேடத்தாண்ட பேசிக்கங்கன்னு சொல்லி நம்பரக் குடு. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ரேட்டை இருவரும் சேர்ந்தே போட்டார்கள். பாட்டுக்கு இன்ன தொகை, பாதி முன்பணம், இரண்டு தடவைக்கு மேல் திருத்தம் கேட்டால் தனிக் காசு. வாங்கியவர் பாட்டைத் தன் சேனலில் போட்டுச் சம்பாதித்தால் அதில் நூற்றுக்கு முப்பது ராயல்டி. அந்த முப்பதைச் சொன்னது குமரேசன்தான். பாயில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்தபடி, "மெட்டு நம்மளது. அது ஊர் ஊரா போயி சம்பாரிக்கறப்ப நமக்கும் ஒரு பங்கு வரணும்ல?" என்று கனவில் பேசுகிறவனைப்போலச் சொன்னான். திவ்யா அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

அனுப்ரியா வந்த பிறகு பொன்னாடைகள் நின்றன, பணம் வந்தது. அடுப்படியில் ஒரு கையால் ரசத்தை இறக்கிக்கொண்டே, "சாரி சார், அது எங்க பாலிசி" என்று திவ்யா பேசுவதைக் கதவோரம் நின்று கேட்கும்போது குமரேசனுக்குப் பெருமை பிடிபடாது.

ஆனால் வெளியே அவனுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. டீக்கடையில் யாராவது, "இன்னாப்பா உன் மேனேஜரு இப்டி கறாரா கீது?" என்று குறைப்பட்டால், "எனக்கே பயம்ணா அந்தம்மாவ கண்டா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். பாவம் நல்ல பையன், ஒரு ராட்சசியிடம் மாட்டிக்கொண்டான் என்று ஊர் பேசியது. அப்படிப் பேசப்படுவது அவனுக்குச் சுகமாகத்தான் இருந்தது. இது எதுவும் திவ்யாவுக்குத் தெரியாது.

ஆடி மாதத்துக்கு முன்னால் பஞ்சாட்சரம் வந்தார். சாலவாக்கத்துக்காரர், பத்து ஏக்கர் நஞ்சை, இரண்டு டிராக்டர். குமரேசனின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பஜனையில் பாடிப் பாடி முற்றிய குரல் அவருக்கு. தன் பெயரில் ஒரு சேனல் தொடங்கி அம்மன் பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார். குமரேசன் மெட்டமைத்து, அவரையே பாடவைத்து, பம்பை உடுக்கையோடு ஒரு கூழ்வார்த்தல் பாட்டு பண்ணிக் கொடுத்தான். ராயல்டி பேச்சு வந்தபோது அவர் போனில் அனுப்ரியாவிடம், "எல்லாம் பாத்துக்கலாம்மா, சரி சரி" என்றிருந்தார். அந்த ஆடியில் அந்தப் பாட்டைப் பாடாத ஒலிபெருக்கி சுற்றுவட்டாரத்தில் இல்லை. டவுன் பஸ்ஸில் போட்டார்கள். ஆட்டோவில் போட்டார்கள். சேனலைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் ஏறினார்கள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அனுப்ரியா அவரைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டாள். மறுநாள் காலையிலேயே பஞ்சாட்சரம் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"யார்ரா அவ? போன் பண்ணி, 'சார், உங்க சேனல் வருமானத்த அனுப்புங்க'ன்றா. எங்கப்பன்கூட என்னையக் கணக்கு கேட்டதில்ல."

"உக்காருங்க மாமா."

"உக்கார்றது இருக்கட்டும். ராயல்டியாம்! எங்க பக்கம் ராயல்டின்னா கல்லு ஒடைக்கிற குவாரிக்காரன் கவர்மெண்டுக்குக் கட்டறது. நீ எந்த மலைய வெட்டிக்கினு வந்த?"

குமரேசன் சிரித்துவைத்தான். அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். "நமக்குள்ள இன்னா மாமா பர்சன்டு? நான் ஒண்ணும் சொல்லல. அந்தம்மாவா போட்டது" என்றான்.

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அப்ப உனக்குத் தெரியாமதான் கேக்கறாளா?"

இந்த இடத்தில் ஒரு மூச்சு இழுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவனுக்கே தெரிந்தது, இதுதான் இடம் என்று. ஆனால் எதிரில் மாமா நின்றார், அம்மாவைத் தூக்கி வளர்த்தவர், அவன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். "தெரியாமதான் மாமா" என்றான். அவர் முகம் இன்னும் தெளியவில்லை. அதைத் தெளியவைக்க இன்னொன்றும் சேர்த்தான். "துட்டுன்னா பேயா அலையும் மாமா அது."

பஞ்சாட்சரம் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப அவள வேலையவுட்டு நிறுத்து. இப்பவே. என் எதிர்லயே போனப் போடு. ஸ்பீக்கர்ல போடு."

"ஞாயித்துக்கெழம மாமா. லீவு. எடுக்கமாட்டாங்க."

"எடுக்கலன்னா உட்டுடலாம். போடேன்."

அவள் எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே குமரேசன் எண்ணை அழுத்தினான். சுவருக்கு அந்தப் பக்கம் எவர்சில்வர் தட்டின்மேல் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

"வணக்கம் சார், அனுப்ரியா பேசறேன்."

குரல் போனிலிருந்தும் வந்தது, ஒரு நூல் முந்திச் சுவர் வழியாகவும் வந்தது. குமரேசன் வேண்டுமென்றே இருமினான்.

"மேடம்... மாமா வந்துகீறாரு. அந்த முப்பது பர்சன்டு வேணாம்."

"சார், அது நீங்க..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தை அவன் சொல்வான் என்று காத்திருந்தாள். அவ்வளவு நேரம் அவனுக்காக யாரும் காத்திருந்ததில்லை.

"நீங்களா எப்டி மேடம் கேக்கலாம்?" என்றான் குமரேசன்.

பஞ்சாட்சரம், வெட்டிவிடு என்பதுபோலக் கையை அசைத்தார்.

"நாளைலேர்ந்து நீங்க வரவேணாம் மேடம்."

"சரிங்க சார். வேற ஏதாச்சும் சொல்லணுமா சார்?"

"இல்ல."

சிறிது நேரத்தில் திவ்யா டீயோடு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். "வாங்க பெரியப்பா, ஊட்ல எல்லாம் சொகமா?" என்றாள். பஞ்சாட்சரம் டீயை உறிஞ்சி, "உன் ஊட்டுக்காரன் தங்கமான புள்ளமா" என்றார்.

"ஆமா பெரியப்பா" என்றாள். குமரேசனின் டம்ளரை அவன் கையில் கொடுக்காமல் ஸ்பீக்கர் பெட்டியின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மாமா படியிறங்கிப் போன பிறகு அந்தப் பழைய போனைக் கொண்டுவந்து அவன் மேஜையில் வைத்தாள்.

"என் சம்பள பாக்கிய எப்ப சார் செட்டில் பண்ணுவீங்க?"

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "அந்த நேரத்துல வேற வழி தெரியல திவ்யா."

"நிறுத்தறேன்னு சொன்ன, சரி. பேயின்னு சொன்னியே, அதுக்குமா வழி தெரியல? அத உன்னைய யாரும் சொல்லச் சொல்லலியே."

யாரும் கேட்டு அவன் சொன்னதில்லை அது. சிரிக்கவைக்கச் சொன்னது.

"இனிமே யார் கூப்ட்டாலும் நீயே எடு" என்றாள். அன்று முழுக்க வேறு பேச்சு இல்லை. சாப்பாடு போட்டாள், துணி மடித்தாள், அவனுக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். மேஜையில் போன் மூன்று நான்கு தடவை அடித்தது. ஒவ்வொரு தடவையும் அவன் அதை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எடுத்து என்ன பேர் சொல்வது?

மறுநாள் காலை அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் பைக்கை எடுத்துக்கொண்டு சாலவாக்கம் போனான்.

ஏரி நிரம்பியிருந்தது. பஞ்சாட்சரத்தின் நிலத்தில் நடவு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் சேற்றில் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டபடி பின்னாலேயே நகர்ந்துவந்தார்கள். மறுகோடியில் டிராக்டர் சேறு கலக்கிக்கொண்டிருந்தது. வரப்பில் நின்ற பஞ்சாட்சரம் கையை உயர்த்தி, "வா மாப்ள! அடுத்த பாட்டு ரெடியா?" என்று கூவினார்.

தனியாக அழைத்துப் போய்ச் சொல்லலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தான். தனியாக அழைத்தால் மறுபடி சிரித்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. அங்கேயே சொன்னான்.

"மாமா, அந்த மேனேஜர் வேற யாருமில்ல. திவ்யாதான். முப்பது கேக்கச் சொன்னது நான்."

நட்டுக்கொண்டிருந்த கைகள் ஒன்றிரண்டு நின்றன. பஞ்சாட்சரம் மட்டும் அசரவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்டி மாமா?"

"போன்ல ஒரு கொரலு, அடுப்பாண்ட அதே கொரலு. நான் இன்னா செவிடா? சுருதி புடிச்சிப் பாடறவன்டா."

"தெரிஞ்சுமா போனப் போடச் சொன்னீங்க?"

"நீ எது வரைக்கும் போவேன்னு பாத்தேன். கடைசி வரைக்கும் போயிட்ட. கட்டினவளையே நிறுத்திட்ட. எனக்கு முப்பது மிச்சம்."

வரிசையிலிருந்து செங்கேணி நிமிர்ந்தாள். "இன்னாது, பொண்டாட்டிய வேலையவுட்டு நிறுத்தினானா? அப்ப சோறு யார் ஆக்கனா?"

"அந்தக் கூழு பாட்டுக்கா இவ்ளோ பேஜாரு?" என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த முனியம்மாள். "நாங்க தெனம் அதப் பாடிக்கினுதான் நடறோம். எங்ககிட்டயும் முப்பது கேப்பியா நைனா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. டிராக்டர்காரன் என்ஜினை நிறுத்திவிட்டு, என்ன விஷயம் என்று சைகையால் கேட்டான். யாரோ உரக்கச் சொன்னார்கள். அவனும் சிரித்தான். குமரேசனுக்குக் கழுத்திலிருந்து முதுகுவரை எரிந்தது. டீக்கடையில் அவனைப் பார்த்து இரக்கப்பட்ட சிரிப்பு ஒன்று உண்டு. இது அது இல்லை. வண்டிச் சாவி கையில்தான் இருந்தது. வரப்பு வழியாக நான்கு எட்டு வைத்தால் பைக். போய்விட்டால் இதை ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். ஆனால் வீட்டில் இருக்கிறவள் மறக்கமாட்டாள், அவனும் மறக்கமாட்டான்.

"நேத்து சொன்னது பொய் மாமா. முப்பது குடுங்க."

"வேணான்னு நீயேதான சொன்ன?"

"பொய்யின்னு சொல்றனே."

"சரி, போ. பத்து வச்சிக்க. சொந்தம்னு பாத்து."

"முப்பது." குரல் உடைந்துவிட்டது. பதினாறு வயதில் உடைந்த மாதிரியே இருந்தது. பெண்களில் யாரோ களுக்கென்றாள்.

"குடுக்கலன்னா?"

"பாட்ட சேனல்லேர்ந்து எடுத்துடுங்க."

பஞ்சாட்சரம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அவ சொல்லி அனுப்பனாளா?"

"இல்ல மாமா. அவளுக்கு நான் வந்ததே தெரியாது. அவ கேட்டா நல்லா கேப்பா. எனக்குத்தான் கேக்கத் தெரியல."

அவர் டிராக்டர்காரனைப் பார்த்து, "மூலைல திருப்பி ஓட்றா!" என்று கத்தினார். பிறகு மடையைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தார். நாற்றுக்கட்டு போதாது என்று யாரையோ திட்டினார். குமரேசன் என்று ஒருவன் வரப்பில் நிற்பது கண்ணில் படாததுபோலவே நடந்தார். வெயில் ஏறியது. பெண்கள் பழையபடி குனிந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களில் ஒருத்தி அவன் மெட்டையே முணுமுணுக்க ஆரம்பித்தாள். அவனை நோக்கி, முதுகு காட்டியபடி, வரிசை ஓரடி ஓரடியாகப் பின்வாங்கி வந்தது. அந்த மெட்டைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்பது எல்லாவற்றையும்விடக் கூச்சமாக இருந்தது.

வரிசை வரப்பை எட்டியதும் செங்கேணி தலையைத் திருப்பாமலே, "தள்ளு நைனா, காலாண்ட நடணும்" என்றாள்.

குமரேசன் ஓரடி தள்ளி நின்றான்.

பஞ்சாட்சரம் அப்போதுதான் பார்ப்பவர்போலத் திரும்பினார். "இன்னும் போவலியாடா நீ?"

"போவல மாமா" என்றான்.