இலுப்பைத் தோப்பில் ஒரு வேப்பங்கன்று

அறுபத்து மூன்றில், தொழிற்சாலை கட்டுவதற்காக அம்பத்தூருக்கு மேற்கே இருந்த இலுப்பைத் தோப்பை வெட்டி லாரி லாரியாக ஏற்றிப்போனார்கள். அடுப்பெரிக்கச் சுள்ளி பொறுக்கப் போன நாகவல்லியைக் காவலாளி பிடித்து, சர்க்கார் சொத்தைத் திருடினாள் என்று பொழுது சாயும்வரை வெயிலில் நிற்க வைத்தான்.

அடுத்த மாதமே அதே இடத்தில் பந்தல் போட்டு வனமகோத்சவம் நடத்தினார்கள். அதிகாரி ஒருவர் வேப்பங்கன்று நட்டுவிட்டு, கூட்டத்தில் நின்ற நாகவல்லியிடம் குடத்தை நீட்டினார்.

“மரம் நம்ம பிள்ளை மாதிரி. தண்ணி ஊத்தி வளர்க்கணும்மா.”

“அப்போ வெட்டிகினு போனதெல்லாம் யாரு புள்ளைங்க சாமி?”

காதில் விழாதவர்போல் அவர் போட்டோவுக்குத் திரும்பிக்கொண்டார். ஊரார் கைதட்டினார்கள்.

ஜீப் போன பிறகு வெள்ளாடு ஒன்று கன்றிடம் வந்தது. நாகவல்லி அதை விரட்டவில்லை. கடைசி இலையையும் அது தின்று தீர்க்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.